காற்றுக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரம்

காற்றுமானி உடைந்து இன்றோடு பத்தொன்பது நாட்கள். இந்தத் தீவில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம், கப்பல் போன பிறகு, மொட்டைமாடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். காற்றில் சுற்றும் மூன்று கிண்ணங்களில் இரண்டைக் காணவில்லை. ஒன்று பக்கத்து வீட்டு எலுமிச்சைத் தொட்டியில் கிடந்தது. இன்னொன்று கடலுக்குப் போயிருக்கும். மிச்சமிருந்த ஒற்றைக் கிண்ணம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, சுற்றவில்லை. அன்று மாலையே வலைப்பூவில் எழுதியிருக்கலாம். சனிக்கிழமை ஒரு நாள் சமாளித்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று நினைத்தேன்.

வலைப்பூவின் பெயர் ‘கப்பல் வருமா’. செவ்வாய், வியாழன், சனி, குளிர்காலத்தில் இந்த மூன்று நாள்தான் கப்பல். அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கு மூன்று வரி போடுவேன். காற்றின் திசை. காற்றின் வலுவைச் சொல்லும் எண். கப்பல் வரும் அல்லது வராது. மூன்று வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

கப்பல் கிளம்ப அனுமதி உண்டா இல்லையா என்பதைத் துறைமுக அலுவலகம் சொல்லிவிடும். கிளம்பிய கப்பல் எங்கள் துறைக்குள் திரும்புமா என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் துறை தெற்கு பார்த்தது. தென்காற்று அடித்தால் கேப்டன் வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு எங்களை விட்டுவிட்டு நேராக ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குப் போய்விடுவார். மேல் ஊரிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக இறங்கி வந்தவர்கள் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுத் திரும்புவார்கள். திரும்பிப் போகப் பேருந்து மாலை நான்கு மணிக்குத்தான்.

நான் இயற்பியல் படித்தவள். படித்துவிட்டு ஊருக்கு வந்து, மாலையில் நான்கு பேருக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மொட்டைமாடியில் காற்றுமானி வைத்து, கப்பல் வந்த நாள் வராத நாள் எல்லாவற்றையும் குறித்துவந்தேன். தென்காற்று ஆறு என்றால் பெரும்பாலும் வரும். ஏழு என்ற நாட்கள் நாற்பத்தாறு. அதில் நாற்பத்தொரு நாள் வரவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. கருவிக்கு அது தெரியும். கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பத்தொன்பது நாட்களில் ஏழு முறை எழுதினேன். ஜன்னலிலிருந்து துறைமுக அலுவலகத்தின் கொடி தெரியும். அலைத்தடுப்புச் சுவரின் மேல் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும். பக்கத்துத் தீவில் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது, ஆனால் நடுவில் மலை, தென்காற்று அங்கே குறைவாகத்தான் தெரியும். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு எண் போட்டேன். ஆறு முறை சரியாக வந்தது. ஒரு முறை தவறியது. கருவி உடைந்ததற்கு அடுத்த வாரத்து வியாழக்கிழமை அது, அந்த வியாழக்கிழமையைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதல்ல.

புதுக் காற்றுமானி வாங்க என்னிடம் பணம் இல்லை. விளம்பரம் போட்டால் வாங்கலாம்.

விளம்பரம் புதிய யோசனை அல்ல. வலைப்பூ தொடங்கிய இரண்டாம் மாதமே, தானாக வந்து உட்காரும் விளம்பரங்களை ஒருநாள் சேர்த்துப் பார்த்தேன். ‘தென்காற்று எட்டு. கப்பல் வராது’ என்று எழுதியதற்குக் கீழே வெள்ளைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. மத்தியதரைக் கடலில் ஏழு இரவுகள், இன்றே முன்பதிவு செய்யுங்கள். நீச்சல் குளத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். துறையில் மாட்டிக்கொண்டிருந்த முப்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். ‘இந்தப் பக்கத்தில் விளம்பரம் கிடையாது’ என்று மேலே ஒரு வரி எழுதினேன். அந்த வரி இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சக்கெல்லாரிஸ் வீட்டுக்கு வந்தார். துறையில் பதினோரு அறை வைத்து விடுதி நடத்துகிறவர். என் அப்பாவோடு பள்ளியில் படித்தவர் என்பதால் நான் மாமா என்று கூப்பிடுவேன். கையில் ஒரு பை நிறையக் கீரை கொண்டுவந்திருந்தார்.

"வாத்தியாரம்மா எப்படி இருக்கீங்க? தூங்கவே மாட்டீங்களா? கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு."

"பரவாயில்ல மாமா. காப்பி போடவா?"

"போடு. சர்க்கரை வேணாம். டாக்டர் சொன்னாரு. நான் இல்ல."

காப்பி வண்டல் அடியில் தங்கும்வரை காத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். பென்சிலால் ஒரு கட்டம் போட்டு அதற்குள் எழுதியிருந்தார். ‘கப்பல் வரலையா? சூப் சூடா இருக்கு. சக்கெல்லாரிஸ் விடுதி.’

"உன் பக்கத்துல இதப் போடணும்" என்றார். "ஒரு வருஷத்துக்கு. பணத்த மொத்தமா முன்னாடியே தந்துடறேன்."

தொகையைச் சொன்னார். காற்றுமானி வாங்கி, கம்பம் நட்டு, கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

"நான்தான் விளம்பரம் கிடையாதுன்னு எழுதியிருக்கேனே மாமா."

"எழுதினவதான அழிக்கணும். ரப்பர் நான் தரவா?"

அவர் தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஒரே ஒரு விஷயம். தெனமும் வேணாம். நீ வராதுன்னு போடற அன்னிக்கு மட்டும் வந்தாப் போதும். வரும்ங்கிற அன்னிக்கு என் சூப்ப யாரு தேடப் போறா?"

"வராதுன்னு போடற அன்னிக்கு மட்டுமா?"

"ஆமா."

"அப்ப நான் வராதுன்னு எழுதறதே உங்க அறைக்காகன்னு சொல்லுவாங்க மாமா."

"யாரு?"

"எல்லாரும்."

"இந்த ஊர்ல எல்லாரும்னா நூத்தி எண்பது பேரு. அதுல அறுபது பேருக்கு என் மேல ஏற்கெனவே கோபம். மிச்சம் இருக்கறவங்க உன்ன நம்பறாங்க." சிரித்தார். "ஏன் பொண்ணே, என்னப் பாத்தா புயலக் காசு குடுத்து வாங்கறவன் மாதிரியா இருக்கு? காத்து அடிச்சா அடிக்குது. நான் அறையத்தான விக்கிறேன்."

"வரும்ங்கிற அன்னிக்கு மட்டும் போட்டா?"

"என்னது?"

"கப்பல் வரும்னு எழுதற நாள்ல மட்டும் உங்க விளம்பரம். அப்ப யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

சக்கெல்லாரிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கப்பல் ஏறப்போறவன்கிட்ட அறை இருக்குன்னு சொல்லணும். அதானே? உன்னப் பல்கலைக்கழகத்துல அஞ்சு வருஷம் வச்சிருந்தாங்களே, பாவம், அவங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. கடைசியாக எப்போது சிரித்தேன் என்று நினைவில்லை.

வாசல் வரை போய்த் திரும்பினார். "ஒண்ணு சொல்றேன். உன் எழுத்தப் பாத்துத்தான் நான் பாய்லர் பத்தவைக்கிறேன். நீ வராதுன்னா ஏழு மணிக்குப் பத்தவச்சாத்தான் மதியத்துக்கு அறை சூடாகும். மூணு வருஷமா எண்ணெய்க் காசு எனக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா? இந்தக் குளிர்காலத்துல ஒரே ஒரு நாள்தான் வீணாப் போச்சு. அந்த வியாழக்கிழமை. அதுக்குக் கேப்டனத்தான் திட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில பதில் சொல்லு. யாரையும் நான் தொரத்தல."

அவர் போனதும் தாளை மறுபடி மடித்தேன். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். காற்றுமானி சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் இதே தாளைக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பேன். எண் கருவியுடையது. பக்கத்தில் யார் சூப் விற்றாலும் எண் மாறாது. இப்போது எண் என்னுடையது. ஆறா ஏழா என்று தெரியாத காலையில், ஏழு என்று போட்டால் விளம்பரம் வரும், ஆறு என்று போட்டால் வராது. என் விரல் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கே தெரியாது. ஏழு பக்கம் சாயாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே ஆறு என்று போடுவேனோ என்றும் தோன்றியது. அதுவும் பொய்தான்.

ஆனால் விளம்பரம் இல்லாமல் கருவி இல்லை. கருவி இல்லாமல் விளம்பரம் கூடாது. விஷயத்தைச் சொல்லிவிட்டு ஊரில் வசூல் செய்யலாம். அதற்கு முதலில் சொல்ல வேண்டும். ஊர் முன்னால் நின்று பேச வராது என்பதால்தான் மூன்று வரி எழுதுகிறவளாக ஆனேன்.

திங்கட்கிழமை மாலை, ரொட்டி வாங்கப் போனபோது, பேருந்திலிருந்து தெமெலீனா அத்தை இறங்கிக்கொண்டிருந்தார். மேல் ஊர்க்காரர். கணவர் நோமிகோஸின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார். நோமிகோஸுக்குக் கண்ணில் நோய். பார்வையின் நடுவில் கறுப்பாக இருக்கும், ஓரங்கள் மட்டும் தெரியும். மாதம் ஒருமுறை ஏதென்ஸ் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாள் தள்ளினால் கறுப்பு பெரிதாகும், பெரிதானது திரும்பச் சிறிதாகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"யாரு, செவஸ்தியா?" என்றார் நோமிகோஸ். "மூஞ்சி தெரியல. காது தெரியுது. நல்ல காது."

"நாளைக்குத்தான மாமா கப்பல்? இன்னிக்கே இறங்கிட்டீங்க."

தெமெலீனா பெட்டியைக் கீழே வைத்தார். "போன தடவ மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான். சக்கெல்லாரிஸ்கிட்ட ஒரு அறை எடுத்திருக்கோம். பாதி விலைதான் கேட்டான்."

போன தடவை என்பது அந்த வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஊசி. நான் ‘தென்காற்று ஏழு. கப்பல் வராது’ என்று போட்டிருந்தேன். அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பதினொன்றரைக்குக் கப்பல் வந்தது. நான்கு நிமிடம் நின்றது. மேல் ஊரில் வாசலில் நின்றபடி அது போவதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது தெமெலீனா பார்த்து, அவருக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்த தேதி பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. நாளை மறுநாள், புதன்கிழமை.

"கறுப்பு இப்ப எப்படி இருக்கு மாமா?"

"கொஞ்சம் கொழுத்திருக்கு" என்றார். "தவக்கால நோன்புல நான்தான் இளைக்கிறேன். அது நல்லாச் சாப்பிடுது."

"சும்மா இருங்க" என்றார் தெமெலீனா. பிறகு என் தோளைத் தொட்டார். "நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காதடி. உன் மெஷினு காத்தச் சொல்லும். அந்தக் கேப்டன் புத்தியச் சொல்லுமா? ஏழுல வர்றான் பாரு, கிறுக்கன். நான் யார்கிட்டயும் உன்ன ஒரு வார்த்த பேச விடல."

நான் ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு எழுந்தேன். தென்காற்று. கொடி முழுதாக விரிந்து அடித்துக்கொண்டிருந்தது. அலை சுவரின் மேல் ஏறியது, சில சமயம் தாண்டியது, சில சமயம் தாண்டவில்லை. நூறு அலைகளை எண்ணினேன். முப்பத்தொன்பது தாண்டின. அது ஆறு என்றும் சொல்லலாம், ஏழு என்றும் சொல்லலாம். பக்கத்துத் தீவின் நிலையம் ஐந்து என்றது. மலை.

கணினியில் இரண்டு பதிவுகளைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் விளம்பரம் இருந்தது, சூப்பிலிருந்து ஆவி வருவதுபோல ஒரு படமும் போட்டிருந்தேன். இன்னொன்றில் வெறும் மூன்று வரி. ஏழு மணி ஆனது. எதையும் அழுத்தவில்லை. மூன்று வருடத்தில் இதுதான் முதல் முறை.

கோட்டை மாட்டிக்கொண்டு துறைக்கு இறங்கினேன். சக்கெல்லாரிஸுக்குப் பதில் சொல்லப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன பதில் என்று தெரியாது.

விடுதியின் சாப்பாட்டு அறையில் மூவரும் இருந்தார்கள். தெமெலீனாவின் பெட்டி கதவருகே தயாராக நின்றது. நோமிகோஸ் ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார். சக்கெல்லாரிஸ் கைப்பேசியை மூக்கருகே வைத்துத் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு பதினொண்ணு" என்றார் என்னைப் பார்க்காமலே. "பக்கமே வரல. ஊர்ல இன்டர்நெட் போச்சா, செவஸ்தி போயிட்டாளான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"வந்திருக்கா" என்றார் தெமெலீனா. "உக்காருடி. முகமே சரியில்ல. காய்ச்சலா?"

"இல்ல அத்தை."

உட்கார்ந்தேன். சக்கெல்லாரிஸ் கைப்பேசியை வைத்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். என் முன்னால் வைக்காமல் மேசை நடுவில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பதில் சொல்ல வந்தியா? இவங்ககிட்டயும் சொல்லிட்டேன். ரகசியம் ஒண்ணும் இல்லையே."

"போடுடி" என்றார் தெமெலீனா. "மூணு வருஷமா ஓசியில எழுதற. அந்தக் கப்பல் கம்பெனிக்காரன் உனக்கு ஒரு டிக்கெட்டாவது குடுத்தானா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா என்கிட்ட அனுப்பு."

"நாளைக்கே யாராவது, இவ சூப்புக்காக எழுதறான்னு..." என்று தொடங்கினேன்.

"எப்படிச் சொல்லுவாங்க? எண்ண நீயா போடற? மெஷின்ல போடுது. மெஷினுக்குச் சூப் எதுக்கு?"

நோமிகோஸ் சிரித்தார். "என் கண்ணுக்கு மெஷின் வச்சாக்கூட நல்லா இருக்கும். வாடகைக்கு எவ்வளவு செவஸ்தி?"

வெளியே ஒரு அலை சுவரைத் தாண்டி விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்று தாண்டவில்லை.

"போடலாம் மாமா" என்றேன் சக்கெல்லாரிஸிடம். "ஆனா இன்னிக்கு இல்ல."

"இன்னிக்கு இல்லன்னா எப்ப?"

"இந்தப் பணத்துல ஒண்ணு வாங்கணும். அது வந்து, மாட்டி, பத்து நாள் சரியா வேலை செஞ்சதுக்கு அப்புறம். அதுவும் எல்லா நாளும் வரணும். வராத அன்னிக்கு மட்டும்னா வேணாம்."

"எல்லா நாளும்னா சரி, போகட்டும், அழகுக்கு இருந்துட்டுப் போகுது. வாங்கணுமா? என்ன வாங்கணும்?"

நான் உறையைப் பார்த்தேன். தெமெலீனா பொறுமை இழந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் அப்புறம் பேசுங்க. இன்னிக்கு எவ்வளவு, அதச் சொல்லு. இவருக்கு மாத்திரை குடுக்கணும். கப்பல் வந்தா குமட்டலுக்கு ஒண்ணு, வராட்டி வேற. ஆறா, ஏழா?"

மூவரும் என்னையே பார்த்தார்கள். நோமிகோஸ் மட்டும் என் முகத்துக்குச் சற்று இடப்பக்கம் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு நான் தெரிவேன்.

"தெரியாது அத்தை" என்றேன். "காத்துமானி உடைஞ்சு பத்தொம்பது நாளாச்சு. அதுக்கப்புறம் போட்ட எண்ணெல்லாம் நானே கண்ணால பாத்துப் போட்டது."

தெமெலீனா மெதுவாக, கூட்டிக் கழிப்பவர் போல, விரலை மேசையில் வைத்து எடுத்தார். நாட்களை எண்ணி அந்த வியாழக்கிழமைக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

"சரி" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "கண்ணால பாத்தா தப்பு வரத்தான் செய்யும். அன்னிக்கும் பாத்துத்தான போட்ட."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"இல்ல அத்தை. அன்னிக்குப் பாக்கல. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சரியா வந்துடுச்சு. எழுந்திருக்க முடியல, அவ்வளவு அசதி. படுத்துக்கிட்டே ஏழுன்னு எழுதிட்டுத் தூங்கிட்டேன். ஜன்னலக்கூடத் திறக்கல."